மாக்ஸ் ஃபாக்டர்

மாக்ஸ் ஃபாக்டர் (இறப்பு: ஆகஸ்ட் 30, 1938) போலந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய ஒப்பனைக் கலைஞர், பொய்முடி செய்பவர், தொழில் முனைவர் ஆவார். இவரது இயற்பெயர் மாக்சிமிலியன் ஃபாக்டரோவிச். ஹாலிவுட் திரைப்படங்களுக்கெனத் தனியான ஒப்பனைப் பொருட்களை உருவாக்கிய முன்னோடிகளுள் இவர் முதன்மையானவர். நாடக மேடைக்கும் திரைக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட முகப்பூச்சைப் பொதுமக்களின் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. திரையில் காணும் நடிகையரின் உதட்டு வடிவம், புருவம், முடி நிறம் ஆகியவற்றைப் பார்த்துப் பெண்கள் தம்மை அவ்வாறே அலங்கரித்துக் கொள்ளும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியது. அவ்வழக்கத்தின் தொடக்க கால வரலாறு இவரது வாழ்க்கையுடன் நெருங்கிய தொடர்புடையது.

இளமைக் காலம்

ஃபாக்டர் உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த போலந்தில், லோட்ஸ் நகரப் பகுதியில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். இவர் பிறந்த ஆண்டு 1872 எனவும் 1877 எனவும் நூல்களில் இரு விதமாகக் குறிக்கப்படுகிறது. குடும்பத்தின் வறுமை காரணமாக முறையான கல்வி பெறும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. சுமார் எட்டு வயதிலேயே ஒரு மருந்தகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பொருட்களை அளந்து கலக்கும் பழக்கம் அங்கே இவருக்கு ஏற்பட்டது. அடுத்ததாகப் பொய்முடி செய்யும் கலைஞர் ஒருவரிடம் தொழில் பழகினார். மெல்லிய வலைத்துணியில் மனித முடியை ஒவ்வொரு இழையாகக் கோத்து முடிச்சிடும் நுணுக்கத்தை இளம் வயதிலேயே கற்றுத் தேர்ந்தார். பிற்காலத்தில் இவர் பெற்ற வெற்றிக்கு இவ்விரு பயிற்சிகளுமே அடிப்படையாக அமைந்தன.

பதின்ம வயதில் பெர்லினிலும் பின்னர் மாஸ்கோவிலும் பணியாற்றினார். மாஸ்கோவில் இசை நாடகக் கலைஞர்களுக்குப் பொய்முடியும் ஒப்பனையும் செய்து தரும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். 18 வயது முதல் உருசியப் படையில் கட்டாயப் பணி புரிய நேரிட்டது. அங்கு மருத்துவப் பிரிவில் அமர்த்தப்பட்டார். படையிலிருந்து விடுபட்டபின் மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியாசான் நகரில் சொந்தமாக ஒரு கடையைத் தொடங்கினார். தாமே தயாரித்த பூச்சுகள், கன்னச் சாயங்கள், நறுமணப் பொருட்கள், பொய்முடிகள் ஆகியவற்றை அங்கு விற்றார். அவ்வூருக்கு வந்த நாடகக் குழு ஒன்று இவரது பொருட்களைப் பயன்படுத்தியதன் வழியாக இவரது திறமை அரச குடும்பத்தினருக்குத் தெரிய வந்தது. அதன்பின் அரசவையினருக்கும் பேரரசின் நாடகக் கலைஞர்களுக்கும் ஒப்பனை செய்யும் பணி இவருக்குக் கிடைத்தது.

உருசியாவிலிருந்து வெளியேறுதல்

அரசவைப் பணி பெருமை தந்தபோதிலும் அது ஒருவகைச் சிறைவாசமாகவே இருந்தது. இவரது நடமாட்டம் கண்காணிக்கப்பட்டது. இசுத்தர் ரோசா என்பவரை இவர் மறைவாக மணந்துகொண்டார். மனைவியையும் மூன்று குழந்தைகளையும் அரசவையினர் அறியாதபடி சென்று காண வேண்டியிருந்தது. அக்காலத்தில் உருசியாவில் யூதர்களுக்கு எதிரான வன்முறை பெருகி வந்தது. இந்நிலையில் குடும்பத்துடன் அமெரிக்கா செல்ல இவர் முடிவு செய்தார்.

குடும்பத்தார் வழங்கி வரும் செய்தியின்படி, இத்தப்பித்தலுக்கும் ஒப்பனையே உதவியது. நோயுற்றவர் போலத் தோன்றும்படி இவர் தம் முகத்தில் மஞ்சள் நிறம் பூசிக்கொண்டார். நட்பு கொண்டிருந்த மருத்துவர் ஒருவர், இவர் கார்ல்சுபாடு வெந்நீர் ஊற்று நகருக்குச் சென்று ஓய்வெடுக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தார். அங்கு முன்னதாகவே வந்து காத்திருந்த மனைவி மக்களுடன் காவலர்களின் கண்ணில் படாமல் வெளியேறித் துறைமுகத்தை அடைந்தார். மோல்ட்கே என்னும் கப்பலில் பயணம் செய்த இக்குடும்பம் பெப்ரவரி 1904 இல் நியூயார்க் நகரின் எல்லிசுத் தீவை வந்தடைந்தது. இவரது நீண்ட பெயர் மாக்ஸ் ஃபாக்டர் எனச் சுருங்கியது இக்குடியேற்றத்தின் போதுதான்.

செயிண்ட் லூயிசில் வாழ்க்கை

1904 ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிசு நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. ஃபாக்டர் அங்கு ஒரு கடை அமைத்துத் தம் பூச்சுகளையும் பொய்முடிகளையும் விற்றார். விற்பனை நன்கு நடந்தபோதிலும், தொழிலில் கூட்டுச் சேர்ந்தவர் பணத்தையும் சரக்கையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். ஆங்கிலம் சரிவரப் பேசத் தெரியாத நிலையில் ஃபாக்டர் கையில் பொருளின்றி நின்றார். உறவினர் உதவியுடன் முடிதிருத்தகம் ஒன்றைத் தொடங்கிப் பிழைப்பை நடத்தினார்.

அதே ஆண்டில் பிராங்க் என்னும் மகன் பிறந்தார். 1906 ஆம் ஆண்டில் மனைவி மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் திடீரென இறந்தார். நான்கு குழந்தைகளை வளர்க்க வேண்டிய நிலையில் ஃபாக்டர் அதே ஆண்டில் மறுமணம் செய்துகொண்டார். 1907 இல் லூயிசு என்னும் மகன் பிறந்தார். ஆயினும் அம்மணம் நீடிக்கவில்லை. மணமுறிவுக்குப் பின் 1908 இல் ஜென்னி குக் என்பவரை மணந்தார். அதே ஆண்டிலேயே குடும்பத்துடன் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அங்கே திரைப்படத் தொழில் வேரூன்றத் தொடங்கியிருந்தது.

திரைப்படத் துறையில்

லாஸ் ஏஞ்சலசில் ஃபாக்டர் 1909 ஆம் ஆண்டில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் நாடகக் கலைஞர்களுக்கான ஒப்பனைப் பொருட்களையும் பொய்முடிகளையும் விற்பனை செய்தார். அக்காலத் திரைப்படங்களில் வைக்கோல், கம்பளி நூல் போன்றவற்றால் ஆன மலிவான பொய்முடிகளே பயன்பட்டன. அண்மைக் காட்சிகளில் அவை செயற்கையாகத் தோன்றின. மனித முடியாலான தம் பொய்முடிகளின் விலை படத் தயாரிப்பாளர்களுக்குக் கட்டுபடியாகாததால் அவற்றை ஃபாக்டர் வாடகைக்குக் கொடுத்தார். 1914 இல் வெளியான தி ஸ்குவா மேன் திரைப்படத்துக்காகச் செசில் பி. டெமில் இவரிடம் பொய்முடிகளைப் பெற்றார். அவை தொலைந்து போகாமல் இருக்க, ஃபாக்டரின் புதல்வர்கள் அப்படத்தில் கூட்டத்தில் ஒருவராக நடித்தபடி அவற்றைக் கண்காணித்தனர் என்பர்.

அரிதாரத்தில் மாற்றம்

நாடக மேடையில் பயன்பட்ட அரிதாரம் கொழுப்பு கலந்த குச்சி வடிவில் இருந்தது. அதைத் தடிமனாகப் பூசி மேலே பொடியிட்டனர். தொலைவிலிருந்து காணும் நாடகப் பார்வையாளருக்கு இது பொருத்தமாக இருந்தது. ஆனால் திரைப்படக் கருவி முகத்துக்கு மிக அருகில் வந்தது. நடிகர் சிரிக்கும்போதும் முகம் சுளிக்கும்போதும் உலர்ந்த பூச்சு வெடித்துப் பிளவுகள் தோன்றின.

படச்சுருளின் தன்மையும் மற்றொரு சிக்கலாக இருந்தது. அந்நாளைய படச்சுருள் நீலத்தையும் பச்சையையும் உணர்ந்தது, சிவப்பை உணரவில்லை. எனவே சிவப்பு நிறம் திரையில் கருமையாகப் பதிந்தது. சிவந்த கன்னங்கள் கரும் பள்ளங்களாகவும், தோலிலுள்ள சிறு தழும்புகள் கரும்புள்ளிகளாகவும் தெரிந்தன. நீல நிறக் கண்கள் வெளிறிக் காணப்பட்டன. நடிகர்கள் மாவு, செங்கற்பொடி, பன்றிக் கொழுப்பு முதலியவற்றைக் கலந்து தாமே முயன்று பார்த்தனர்.

1914 இல் ஃபாக்டர் குச்சி வடிவ அரிதாரத்துக்கு மாற்றாக, குழைவான களிம்பு வடிவில் ஓர் அரிதாரத்தை உருவாக்கினார். அது மெல்லிய படலமாகப் படிந்தது. முகத் தசைகளின் அசைவுக்கேற்ப நெகிழ்ந்தது. அது 12 நிறச் சாயல்களில் கிடைத்தது. சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன், ராஸ்கோ ஆர்பக்கிள் போன்ற நகைச்சுவை நடிகர்கள் இவரது தொடக்க கால வாடிக்கையாளர்களாகக் குறிப்பிடப்படுகின்றனர். முகபாவங்களை நம்பியிருந்த அவர்களுக்கு வெடிக்காத பூச்சு பெரிதும் தேவைப்பட்டது. மாநிறம் காரணமாக எதிர்மறை வேடங்களே பெற்று வந்த ருடால்ஃப் வாலண்டினோ நாயகனாக ஏற்கப்படுவதற்கும் ஃபாக்டரின் ஒப்பனை உதவியது என்பர்.

திரையிலிருந்து தெருவுக்கு

ஊமைப்படக் காலத்துத் திரை ஒப்பனை பலவற்றுக்குத் தொழில்நுட்பத் தேவையே காரணமாக இருந்தது. படப்பிடிப்பு விளக்குகளின் வெப்பத்தில் உதட்டுச் சாயம் உருகி வாயின் ஓரங்களில் வழிந்தது. இதைத் தவிர்க்க, ஃபாக்டர் முகத்துக்குப் பூசும் அடிப்பூச்சை உதடுகளின் மீதும் பூசி மறைத்தார். பின்னர் சாயத்தில் தோய்த்த கட்டைவிரலால் மேலுதட்டில் இரு பதிவுகளும் கீழுதட்டில் ஒரு பதிவும் இட்டு, வாயோரங்களைத் தொடாமல் நடுவில் மட்டும் உதட்டை வரைந்தார். இவ்வாறு தோன்றிய சிறிய மொட்டுப் போன்ற உதட்டு வடிவம் கிளாரா பௌ போன்ற நடிகையரின் அடையாளமாயிற்று. அதற்கான காரணத்தை அறியாத பார்வையாளர்கள் அதை அழகின் இலக்கணமாகக் கொண்டு கண்ணாடி முன் நின்று தாமும் வரைந்தனர். 1930களில் ஜோன் கிராஃபோர்டின் உதடுகள் இயற்கையான விளிம்பையும் கடந்து அகலமாகத் தீட்டப்பட்டன. அதைத் தொடர்ந்து பெண்களின் வழக்கமும் மாறியது. பிளாட்டினம் போல வெளிறிய ஜீன் ஹார்லோவின் முடி நிறமும் இவ்வாறே பரவியது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகத்துக்குச் சாயம் பூசுவது நடிகையருக்கும் ஒழுக்கம் குறைந்தவர் எனக் கருதப்பட்ட பெண்களுக்கும் உரியதென்ற எண்ணம் அமெரிக்கச் சமூகத்தில் நிலவியது. திரை நடிகையரின் செல்வாக்கு இவ்வெண்ணத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியது. 1918 இல் ஃபாக்டர் நிற இயைபு என்னும் முறையை முன்வைத்தார். முகப்பொடி, கன்னச் சாயம், உதட்டுச் சாயம் ஆகியவற்றின் நிறங்கள் ஒருவரது தோல், முடி, கண் ஆகியவற்றின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது இதன் கருத்தாகும். 1920 அளவில் பொதுமக்களுக்கான ஒப்பனைப் பொருட்களை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அழகுப் பொருள் என்ற மதிப்பான சொல்லை விடுத்து, நாடகத் துறையில் வழங்கிய மேக்கப் என்னும் சொல்லையே இவற்றுக்குப் பயன்படுத்தினார். இச்சொல் பொது வழக்காக நிலைபெற இதுவும் ஒரு காரணமாயிற்று.

1927 முதல் இப்பொருட்கள் அமெரிக்கா முழுவதும் மருந்துக் கடைகளில் கிடைத்தன. விளம்பரங்களில் புகழ்பெற்ற நடிகையரின் படங்கள் இடம்பெற்றன. நடிகைக்குப் பெயரளவில் ஒரு டாலர் மட்டுமே வழங்கப்பட்டது. அதற்கு ஈடாக அவரது புதிய திரைப்படத்தின் பெயர் விளம்பரத்தில் குறிப்பிடப்பட்டது. இதனால் படநிறுவனமும் ஃபாக்டர் நிறுவனமும் ஒருங்கே பயன் பெற்றன. திரையில் கண்ட முகத்தைத் தன் முகத்தில் காண விரும்பிய பெண்ணுக்கு, அதற்கான பொருள் தன் ஊர்க் கடையிலேயே கிடைக்கும் நிலை உருவாயிற்று.

பேசும் படமும் வண்ணப்படமும்

1920களின் இறுதியில் பேசும் படங்கள் வந்தபோது ஒப்பனையும் மாற வேண்டியதாயிற்று. முன்னர் பயன்பட்ட வில் விளக்குகள் இரைச்சலிட்டதால், ஓசையெழுப்பாத இழை விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அவற்றின் ஒளிக்கு ஏற்றதாக, எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருளும் வழக்குக்கு வந்தது. பழைய அரிதாரம் இதில் இயல்பாகத் தோன்றவில்லை. 1928 இல் ஹாலிவுட்டில் புதிய விளக்குகளையும் படச்சுருளையும் கொண்டு விரிவான சோதனைகள் நடத்தப்பட்டன. அவற்றில் பங்கேற்ற ஃபாக்டர் புதிய படச்சுருளுக்கு ஏற்ற ஒப்பனை வரிசையை உருவாக்கினார்.

மூவண்ண டெக்னிகலர் முறை அடுத்த சவாலாக அமைந்தது. இம்முறையில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படமான பெக்கி ஷார்ப் 1935 இல் வெளியானது. அரிதாரத்தின் எண்ணெய்ப் பளபளப்பு, அருகிலுள்ள உடைகளின் நிறங்களை முகத்தில் எதிரொளித்தது. இதற்குத் தீர்வாக ஃபாக்டர் ஒரு புதிய பொருளை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 1936 இல் வாகனம் மோதியதில் அவர் காயமுற்றதால் மகன் பிராங்க் அம்முயற்சியைத் தொடர்ந்து நிறைவு செய்தார். வில்லை வடிவில் இறுகிய இப்பொருளை ஈரமான கடற்பஞ்சால் தொட்டுப் பூச வேண்டும். அது பளபளப்பின்றி உலர்ந்து, குறைகளை மறைத்து, தோல் போலவே தோன்றியது. வட்டமான தட்டையான பெட்டியில் வந்ததால் பேன்கேக் எனப் பெயர் பெற்றது.

1937 இல் வெளியான வோக்ஸ் ஆஃப் 1938 என்னும் வண்ணப்படத்தில் பேன்கேக் பயன்படுத்தப்பட்டது. படத்தில் நடித்த பெண்கள் பலர் அப்பெட்டிகளை எவரும் அறியாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். பொதுமக்களிடையே இதற்குள்ள வரவேற்பை நிறுவனம் இதன் மூலம் அறிந்தது. திரைக்கான சாயல் பகல் ஒளியில் மிகக் கருமையாகத் தெரிந்ததால், இளஞ்சாயல்கள் உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. பேன்கேக் நிறுவனத்தின் மிகப் பெரும் வெற்றியாக அமைந்தது.

ஹாலிவுட் ஒப்பனைக் கூடம்

ஃபாக்டர் 1928 இல் ஹாலிவுட்டின் ஹைலேண்ட் சாலையில் ஒரு கட்டடத்தை வாங்கினார். கட்டடக் கலைஞர் எஸ். சார்லஸ் லீ அதனைப் புதுப்பித்து வடிவமைத்தார். 1935 இல் பெருவிழாவாகத் திறக்கப்பட்ட இக்கூடத்தில் முடி நிறத்துக்கேற்ப நான்கு அறைகள் இருந்தன. பொன்னிற முடியினருக்கு நீல அறையும், செம்முடியினருக்குப் பச்சை அறையும், கருமுடியினருக்கு இளஞ்சிவப்பு அறையும், பழுப்பு முடியினருக்கு இளமஞ்சள் கலந்த பீச் நிற அறையும் ஒதுக்கப்பட்டன. அந்தந்த முடி நிறத்தை எடுத்துக்காட்டும் வகையில் சுவர்களின் நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜீன் ஹார்லோ நீல அறையையும் ஜிஞ்சர் ரோஜர்ஸ் பச்சை அறையையும் திறந்து வைத்தனர்.

முகத்தின் அளவுகளைத் துல்லியமாகக் கணிப்பதற்காக 1930களின் தொடக்கத்தில் அழகு அளவி என்னும் கருவியையும் இவர் உருவாக்கினார். உலோகப் பட்டைகளும் திருகுகளும் கொண்ட இது தலைக்கவசம் போல முகத்தில் பொருத்தப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாடுகளும் பெரிய திரையில் துலங்கும் என்பதால், அவற்றை ஒப்பனையால் சரிசெய்வது இதன் நோக்கம்.

மறைவு

1938 இல் தொழில் தொடர்பாக ஃபாக்டர் மகன் டேவிசுடன் ஐரோப்பா சென்றார். பாரிசு நகரில் தங்கியிருந்தபோது, பணம் தராவிட்டால் கொன்றுவிடுவதாக மிரட்டும் கடிதம் ஒன்று இவருக்கு வந்தது. காவல்துறையினர் பொறி வைத்துக் காத்திருந்தும் எவரும் பிடிபடவில்லை. இந்நிகழ்வால் மனமும் உடலும் தளர்ந்த ஃபாக்டர் அமெரிக்கா திரும்பினார். ஆகஸ்ட் 30, 1938 அன்று கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்சில் காலமானார். மகன் பிராங்க் தம் பெயரை மாக்ஸ் ஃபாக்டர் இளையவர் என மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். அவர் 1996 இல் மறைந்தார்.

நிறுவனம் 1973 இல் குடும்பத்தாரிடமிருந்து நார்ட்டன் சைமன் நிறுவனத்துக்குக் கைமாறியது. 1991 இல் புரொக்டர் அண்ட் கேம்பிளும் 2016 இல் கோட்டியும் இவ்வணிகப் பெயரைப் பெற்றன. ஹைலேண்ட் சாலைக் கட்டடத்தில் 2003 இல் ஹாலிவுட் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நிறம் வாரியாக அமைந்த ஒப்பனை அறைகளும் அழகு அளவியும் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டன.

தமிழ்த் திரைப்படத்துடன் தொடர்பு

பேன்கேக் இந்தியத் திரைப்பட நிலையங்களிலும் பரவியது. எஸ். எஸ். வாசன் 1940 இல் சென்னையில் தொடங்கிய ஜெமினி ஸ்டூடியோவில் இது பெருமளவில் வாங்கப்பட்டது. அங்கு பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், ஆங்கிலத்தில் எழுதிய மை இயர்ஸ் வித் பாஸ் என்னும் நினைவு நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். தலைமை ஒப்பனையாளர் முதன்மை நடிகர்களுக்கும், அவருக்கு அடுத்த நிலையினர் துணை நடிகர்களுக்கும், கடைநிலை ஊழியர் கூட்டத்தினருக்கும் பூசுவது என அங்கு நிலவிய படிநிலையை அவர் நகைச்சுவையுடன் விவரிக்கிறார். இந்நூலின் ஒரு பகுதி இந்திய நடுவண் பாடத்திட்டத்தின் 12 ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றதால் மாணவர் பலர் பேன்கேக் என்னும் பெயரை அறிந்தனர். வணிகப் பெயரான இது தமிழ்த் திரைத்துறையில் அடிப்பூச்சைக் குறிக்கும் பொதுப்பெயராகவும் வழங்கியது.

மதிப்பீடு

ஃபாக்டரின் பணி ஒப்பனையை எளிய பெண்களுக்கும் எட்டும் பொருளாக்கியது. முன்னர் பழிக்கப்பட்ட ஒரு வழக்கம் இவரது காலத்தில் இயல்பான ஒன்றாக மாறியது. அதேவேளை, திரை முகங்களை அளவுகோலாகக் கொண்ட ஒரே வகை அழகையும் அது பரப்பியது. வெள்ளையரின் தோல் நிறங்களை அடிப்படையாகக் கொண்டே ஒப்பனைச் சாயல்கள் பெரும்பாலும் உருவாயின. 1940களில் கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹோர்னுக்கெனப் படநிறுவனத்தின் வேண்டுகோளின்படி இந்நிறுவனம் ஒரு தனிச் சாயலை உருவாக்கியது. பின்னர் அச்சாயலே வெள்ளை நடிகையருக்குப் பூசப்பட்டு, கலப்பின வேடங்கள் அவர்களுக்கு வழங்கப்பட்டதாக லீனா ஹோர்ன் நினைவுகூர்ந்துள்ளார். 1951 ஆம் ஆண்டின் ஷோ போட் திரைப்படத்தில் அவர் விரும்பிய வேடத்தில் ஏவா கார்ட்னர் நடித்தார். இது ஃபாக்டரின் மறைவுக்குப் பிந்தைய நிகழ்வாயினும், திரை ஒப்பனையின் வரலாற்றில் அதன் சமூகப் பக்கத்தைக் காட்டும் எடுத்துக்காட்டாக ஆய்வாளர்களால் குறிப்பிடப்படுகிறது.

ஹாலிவுட் புகழ் நடைபாதையில் ஃபாக்டரின் பெயர் தாங்கிய நட்சத்திரம் பதிக்கப்பட்டுள்ளது.